காவி கட்டாத சாமியார்: ரமணர் கடைசிவரை கோவணத்தோடு இருந்தது ஏன்?

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போது அயர்ன் செய்த சட்டையை எடுத்துக் கொடுக்கும் அம்மாவும் அதைத்தான் சொல்வார். லிங்க்ட்இன் படத்துக்கு மட்டும் கோட் மாட்டிக்கொள்பவர்களும் அதை நம்புகிறவர்கள்தான். அந்தப் பழமொழி உண்மை என்றால், மூன்று முழத் துணியை மட்டும் கட்டிக்கொண்டு 53 ஆண்டுகள் ஒரே ஊரில் வாழ்ந்த ஒருவரைப் பற்றி அந்தத் துணி என்ன சொல்கிறது?

அந்த ஊர் திருவண்ணாமலை. அவர் ரமண மகரிஷி. அவர் உடையை வைத்து அவரை எடைபோட்டவர்கள் நிறைய பேர். ஊர்ச் சிறுவர்கள், தாலுகா அலுவலக அதிகாரி, மடத்திலிருந்து வந்த பண்டிதர், திருடர்கள், கடைசியில் ஒரு வழக்கறிஞர் வரை.

கடுக்கன் போட்ட பையன்

1879 டிசம்பர் 30 அன்று, அருப்புக்கோட்டை பக்கத்தில் இருக்கும் திருச்சுழியில் பிறந்தவர் வேங்கடராமன். அப்பா சுந்தரம் ஐயர், ஊரில் வழக்காடுபவர். அம்மா அழகம்மாள். 1892-ல் அப்பா இறந்ததும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். முதலில் ஸ்காட் நடுநிலைப் பள்ளி, பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. படிப்பில் பெரிய ஆர்வம் கிடையாது. கால்பந்து, குஸ்தி, நீச்சல் என்றால் முன்னால் நிற்பார். உச்சியில் குடுமி, காதில் சிவப்புக்கல் வைத்த தங்கக் கடுக்கன், மார்பில் பூணூல், இடுப்பில் வேட்டி. அந்தக் கால மதுரையில் ஒரு நடுத்தர பிராமணக் குடும்பத்துப் பையன் எப்படி இருப்பானோ, அப்படியே.

1896 ஜூலையில் ஒருநாள், உடம்புக்கு எதுவும் இல்லாதபோதே திடீரென்று சாவு பயம் பிடித்தது. படுத்து, கை கால்களை விறைத்துக்கொண்டு, செத்துப்போவது இந்த உடம்பா, நானா என்று தனக்குள்ளேயே பார்த்ததாகப் பின்னாளில் அவர் விவரித்திருக்கிறார். அதற்குப் பிறகு பாடப்புத்தகம் ஓடவில்லை. அண்ணன் நாகசாமி, இப்படி இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டார். அது சுருக்கென்று தைத்தது.

ஆகஸ்ட் 29. அண்ணன் காலேஜ் ஃபீஸ் கட்டச் சொல்லிக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயையும் ஒரு சின்னக் கடிதத்தையும் வைத்துவிட்டுக் கிளம்பினார். ஃபீஸ் இன்னும் கட்டவில்லை என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தார். ஓடிப்போகும்போதும் கணக்கு சரியாக இருக்கிறது, பாருங்கள்.

திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்து, வழியில் மாறி, விழுப்புரம், மாம்பழப்பட்டு என்று ரயிலும் நடையுமாகப் போனதில் காசு தீர்ந்தது. திருக்கோவிலூர் பக்கம் கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரிடம் கடுக்கனை அடகு வைத்தார். சுமார் 20 ரூபாய் பெறுமான நகைக்கு அவர் கேட்டது 4 ரூபாய்தான். விலாசம் எழுதிக் கொடுத்த சீட்டை, அங்கிருந்து நகர்ந்ததும் கிழித்துப் போட்டுவிட்டார். மீட்கும் எண்ணமே இல்லை.

செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை. நேராகக் கோயிலுக்குப் போய் அருணாசலேஸ்வரர் முன்னால் நின்றுவிட்டு வெளியே வந்தார். குடுமி எடுக்கணுமா என்று தெருவில் யாரோ கேட்க, அய்யங்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து தலையை மழித்துக்கொண்டார். கையில் மிச்சமிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சத்தையும், பாகவதர் வீட்டில் கொடுத்த பலகாரப் பொட்டலத்தையும் வீசினார். வேட்டியைக் கிழித்துக் கோவணத்துக்கு ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்தார். பூணூலும் போனது. மழித்தபின் குளிக்க வேண்டும் என்பது வழக்கம். இந்த உடம்புக்கு அந்தச் சுகம் எதற்கு என்று குளிக்காமலே திரும்பியவர் கோயிலுக்குள் நுழையும் முன் மழை கொட்டிவிட்டது.

குடுமி, கடுக்கன், பூணூல், வேட்டி. நான்கும் ஒரு பையனின் சாதியையும் வீட்டு வசதியையும் பார்த்ததுமே சொல்லிவிடும் அடையாளங்கள். நான்கு நாளுக்குள் நான்கும் போய்விட்டன. அப்போது அவருக்கு வயது 16.

கல்லெறிந்த பையன்கள், ஏமாந்த பக்தர்கள்

ஆயிரங்கால் மண்டபத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவரை ஊர்ப் பையன்கள் சும்மா விடவில்லை. தங்கள் வயதுள்ள ஒருவன் மொட்டைத் தலையும் கோவணமுமாகப் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவர்கள் பார்வையில் அவன் கிறுக்கன். கல், ஓட்டாஞ்சில் எல்லாம் பறந்து வந்தன. தப்பிக்கப் பக்கத்தில் இருந்த பாதாள லிங்கக் குழிக்குள் இறங்கினார். வெளிச்சம் நுழையாத இடம். எறும்பும் பூச்சியும் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின. சீழும் ரத்தமும் வடிந்ததுகூடத் தெரியாமல் இருந்தவரை வேங்கடாசல முதலியார் என்பவர் சிலரோடு சேர்ந்து தூக்கி வெளியே கொண்டுவந்தார்.

பையன்களை முதலில் விரட்டியவர் சேஷாத்ரி சுவாமிகள். இவரைப் பற்றி ஒரு நிமிடம் நின்று சொல்லியாக வேண்டும். ரமணருக்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1889-லேயே திருவண்ணாமலைக்கு வந்துவிட்டவர். அழுக்கும் கந்தலும்தான் அவர் தோற்றம். யாராவது புது வேட்டி போர்த்தினால், அடுத்த தெரு திரும்புவதற்குள் அது வேறு யார் தோளிலோ இருக்கும். கடைக்குள் நுழைந்து சாமான்களை வாரி இறைப்பார். கடைக்காரர்கள் திட்டுவதற்குப் பதிலாகச் சந்தோஷப்படுவார்கள். அன்று வியாபாரம் கொழிக்கும் என்பது நம்பிக்கை. ஊர் அவரைப் பைத்தியம் என்றும் சொன்னது, மகான் என்றும் சொன்னது. கந்தல் அதே கந்தல்தான், பார்க்கிறவர்கள் மட்டும் மாறினார்கள்.

1897-ல் ரமணர் ஊருக்கு வெளியே குருமூர்த்தம் என்ற இடத்துக்கு மாறினார். முடி சிக்குப் பிடித்து ஜடையாகிவிட்டது. கை நகங்கள் எதையும் பிடிக்க முடியாத அளவுக்கு வளர்ந்து வளைந்திருந்தன. கோயிலில் இருந்த நாட்களில் மாதக்கணக்காகக் குளிக்காதவரை ஒரு பெண்மணி இழுத்து உட்காரவைத்துச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டிய கதையும் உண்டு. குருமூர்த்தத்தில் கூட்டம் சேரவும், நெருக்கியடிக்காமல் இருக்க மூங்கில் வேலி போட வேண்டியதாயிற்று.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? நகத்தின் நீளத்தைப் பார்த்து, சாமிக்கு வயது ரொம்ப ஆகிறது, யோக சக்தியால் இளமையாகத் தெரிகிறார் என்று. உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு 18 வயது முடியவில்லை.

ஒரு வருடம் முன்பு கல்லெறிந்தவர்களும் இப்போது கும்பிட்டவர்களும் பார்த்தது ஒரே கோலத்தைத்தான். முன்னவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள், பின்னவர்கள் ஊதிப் பெருக்கினார்கள். ரெண்டு கணக்குமே தப்பு.

இங்கிலீஷில் எழுதிய மௌனச் சாமி

அப்போது அவருக்குப் பெயர் கிடையாது. பிராமண சாமி என்று பொதுவாக அழைத்தார்கள். தாலுகா அலுவலகத்தில் தலைமைக் கணக்கராக இருந்த வேங்கடராம ஐயருக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. ஊர், பேர் தெரியாமல் ஆபீஸுக்கும் போக மாட்டேன், சாப்பிடவும் மாட்டேன் என்று எதிரே உட்கார்ந்துவிட்டார். பேசாத சாமி கடைசியில் பென்சிலை வாங்கி எழுதியது: வேங்கடராமன், திருச்சுழி. எழுதியது ஆங்கிலத்தில்.

கணக்கர் அசந்துபோனார். 1890-களில் ஆங்கிலம் என்பது கோட்டுப் போட்டவர்களின் சொத்து. கோவணச் சாமிக்கு அது தெரியும் என்று யார் நினைப்பார்கள்? திருச்சுழி என்ற ஊர்ப் பெயர் அவருக்குப் புரியவில்லை என்றதும், பக்கத்திலிருந்த பெரிய புராணப் புத்தகத்தைப் பிரித்து, சுந்தரர் போன ஊர்களில் அதுவும் ஒன்று என்று காட்டினார்.

அந்த ஒரு வரியால் வீட்டுக்குத் தகவல் போயிற்று. 1898 டிசம்பரில் அம்மா அழகம்மாள், மூத்த மகனோடு பவழக்குன்றுக்கு வந்தார். அழுக்கேறிய கோவணம், ஜடை, நகம். அந்தக் கோலத்திலும் மகனைக் கண்டுபிடித்துவிட்டார். பல நாள் கெஞ்சினார், அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தாங்காமல், எழுதியாவது ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். அவரவர் வினைப்படி நடப்பது நடந்தே தீரும் என்ற பொருளில் ஒரு குறிப்பை எழுதிக் கொடுத்தார். அம்மா வெறுங்கையோடு திரும்பினார். இந்த இடத்தில் ரமணர் மேல் கோபம் வந்தால் அது இயல்புதான். அந்தத் தாய்க்கு அன்று தத்துவம் எந்த ஆறுதலையும் தந்திருக்காது.

முள் ஊசி, ஆயிரம் கண் துண்டு

1899 முதல் 1916 வரை மலைமேல் விரூபாட்ச குகை. 1907-ல் காவ்யகண்ட கணபதி முனி அவருக்கு ரமணர் என்று பெயர் சூட்டினார். 1911-ல் ஹம்ஃப்ரீஸ் என்ற ஆங்கிலேயப் போலீஸ் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் எழுதியது லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியானது.

வெளிநாட்டுப் பத்திரிகையில் பேர் வந்த காலத்தை ஒட்டியும் அவர் உடைமை ஒரு கோவணமும் ஒரு சின்னத் துண்டும்தான். மலையடிவாரத்துப் பச்சையம்மன் கோயிலில் தங்கியிருந்தபோது அந்தத் துண்டு இழை இழையாகப் போய், பொத்தலும் செம்மண் கறையுமாக இருந்தது. ஆடு மாடு மேய்க்கும் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, கவர்னருக்கு இந்தத் துண்டு வேண்டுமாம், வாங்கிவரச் சொன்னார் என்று கிண்டல் அடித்தான். ரமணரும் விடவில்லை, தர முடியாது என்று போய்ச் சொல் என்றார்.

பக்தர்கள் பார்த்தால் புதுத்துணி கொண்டுவந்து குவித்துவிடுவார்கள் என்பதால், துண்டைச் சுருட்டி யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்வார். தனியாகப் போய்த் துவைத்துக் காயவைப்பார். கோவணம் கிழிந்தபோது ஊசி நூல் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடுமே என்று, முள்ளில் துளை போட்டு ஊசியாக்கி, கோவணத்திலிருந்தே இழை உருவித் தைத்துக்கொண்டார். ஒருநாள் எப்படியோ அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. அவர்கள் வருந்தி மன்னிப்புக் கேட்டு, புதுத்துணி கொடுத்தார்கள். பொத்தல்களை ஆயிரம் கண்களாக வைத்து, இந்திரனோடு சேர்த்துப் பின்னாளில் முருகனார் ஒரு பாட்டே எழுதிவிட்டார்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது கிழிசல் அல்ல, ஒளித்துவைத்ததுதான். எளிமையை ஊர் பார்க்கக் காட்டிக்கொள்பவர்களை நமக்குத் தெரியும். கிழிந்த துண்டை மறைக்க முள்ளில் ஊசி செய்யும் ஆள் வேறு ரகம். உடையிலிருந்து குணத்தைப் படிக்க வேண்டுமென்றால், உடையைவிட அதை யார் பார்க்கக்கூடாது என்று ஒருவர் நினைக்கிறார் என்பதைப் பார்க்கலாம் போல.

காவி எங்கே?

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இத்தனை பெரிய சாமியார் ஏன் காவி கட்டவில்லை?

இந்து மரபில் காவி சும்மா ஒரு நிறம் கிடையாது. ஒரு குருவிடம் முறைப்படி துறவு வாங்கியதன் அடையாளம். ரமணர் யாரிடமும் அப்படி வாங்கவில்லை. சிருங்கேரி மடத்தைச் சேர்ந்த சாஸ்திரி ஒருவர் இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று விரூபாட்ச குகைக்கு ஏறி வந்தார். பிராமணனாகப் பிறந்தவர் முறையாகத் துறவு ஏற்க வேண்டும், முழுக் காவி வேண்டாம் என்றால் கோவணத்தையாவது காவியாக்கிக்கொள்ளுங்கள் என்று வாதாடினார். பதிலை யோசித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்த இடைவெளியில் ஒரு முதியவர் வந்து, புத்தக மூட்டையை வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனார் என்றும், மூட்டையைப் பிரித்ததும் அருணாசல மாகாத்மியம் கண்ணில் பட்டது என்றும் ரமணரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மலையைச் சுற்றி மூன்று யோசனை தூரத்துக்குள் வாழ்பவர்களுக்குத் தீட்சை எதுவும் தேவையில்லை என்று சிவன் சொல்வதாக அதில் ஒரு சுலோகம். அதை எழுதி வைத்துக்கொண்டு, திரும்பி வந்த சாஸ்திரியிடம் நீட்டினார். சாஸ்திரி வாதத்தை முடித்துக்கொண்டு இறங்கிப் போனார். மூட்டையும் போய்விட்டிருந்தது. முதியவர் யார் என்பதை நம்பிக்கை உள்ளவர்கள் ஒரு விதமாகவும் மற்றவர்கள் வேறு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். சாஸ்திரத்தை வைத்து வந்தவரைச் சாஸ்திரத்தை வைத்தே அனுப்பினார் என்பது மட்டும் தெளிவு.

இதில் சுவாரஸ்யம், அவர் தம்பி நாகசுந்தரம் காவி கட்டிக்கொண்டார். நிரஞ்சனானந்த சுவாமி என்ற பெயரில் பின்னாளில் ஆசிரமத்தின் சர்வாதிகாரி, அதாவது நிர்வாகத் தலைவர் ஆனார். ரமணர் தடுக்கவில்லை. ஆனால், வேலையை விட்டுவிட்டுக் காவி கட்டட்டுமா என்று கேட்டு வந்த குடும்பஸ்தர்களை அவர் பெரும்பாலும் ஊக்கப்படுத்தியதில்லை. வீட்டில் உன்னைத் தொந்தரவு செய்கிற மனம் காட்டுக்கும் கூடவே வரும் என்பது அவர் சொல்லிவந்த கருத்தின் சாரம். வள்ளுவரும் கூடா ஒழுக்கம் அதிகாரத்தில் மொட்டையையும் ஜடையையும் பற்றி ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்.

எல்லாக் கோவணமும் ஒன்றா?

இந்த இடத்தில் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. ரமணர் கோவணத்தோடு மலையில் உட்கார்ந்திருந்த அதே ஆண்டுகளில், கீழே வயலில் ஏர் ஓட்டியவரும் பனை ஏறியவரும் அதே கோவணத்தில்தான் இருந்தார்கள். அவர்கள் காலில் யாரும் விழவில்லை. ஒருவர் வேட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தார். மற்றவர்களுக்குக் கிழிப்பதற்கு வேட்டியே கிடையாது.

அதைவிட மோசமான கதையும் இதே தமிழ் நிலத்தில் உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தபோது, நாடார் பெண்கள் மேலாடை அணியவே தடை இருந்தது. பல ஆண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859-ல்தான் அரசு இறங்கி வந்தது. அந்த உலகத்தில் உடை குணத்தைக் காட்டவில்லை. சாதியைக் காட்டியது, அதுவும் சட்டப்படி. துணியைத் துறப்பது பெருமை என்று சொல்ல முதலில் துணி உடுத்தும் உரிமை இருக்க வேண்டும். ஒரு பெண் 1896-ல் அய்யங்குளத்தில் உடையைக் கிழித்துப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

ரமணர் பூணூலை எறிந்தது சாதியை எறிந்ததாகுமா? அவரளவில் ஆம் என்றே தெரிகிறது. 1916-ல் அம்மா நிரந்தரமாக அவரோடு தங்க வந்தபோது மடி ஆசாரத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார். அவர் புடவை பிராமணர் அல்லாத ஒருவர் மேல் பட்டுவிட்டால், ஐயையோ, ஆசாரம் போச்சே என்று மகன் போலிப் பதற்றம் காட்டிக் கிண்டல் செய்வார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பிடி தளர்ந்தது. ஆனால் ஆசிரமச் சாப்பாட்டுக் கூடத்தில், கேட்கிற பிராமணர்களுக்குத் தனிப் பந்தியும் நடுவே தடுப்பும் இருந்தது. ரமணர் இரு பக்கமும் தெரியும்படி இடையில் உட்கார்ந்து சாப்பிட்டார். தடுப்பை எடுக்கச் சொல்லவில்லை. வருகிறவர்களைக் கட்டாயப்படுத்தாதது அவர் இயல்பு என்று பக்தர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கம் முழுத் திருப்தி தராது.

மதுரையிலிருந்து வேட்டியோடு கிளம்பியவர் இவர் என்றால், அதே மதுரையில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தன் உடையை முழங்கால் துண்டாகச் சுருக்கிக்கொண்டார். ஏழை விவசாயிக்கு அதற்கு மேல் துணி இல்லை என்பது காந்தியின் காரணம். அதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்த உடையோடு வைஸ்ராய் மாளிகைப் படிகளில் ஏறியது சர்ச்சிலுக்குக் குமட்டியது. ரமணரின் கோவணத்துக்கு அப்படி ஒரு செய்தி கிடையாது. துணி கிட்டத்தட்ட ஒன்று, வேலை முழுக்க வேறு.

திருடர்களும் வக்கீலும்

1922 மே மாதம் அம்மா காலமானார். மலையின் தெற்கு அடிவாரத்தில் அவர் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் உருவானது. கூட்டம் வருகிறது என்றால் பணமும் இருக்கும் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். 1924 ஜூன் 26 இரவு திருடர்கள் புகுந்தார்கள். ரமணரின் இடது தொடையில் அடி விழுந்தது. போதாது என்றால் மற்றக் காலிலும் அடித்துக்கொள்ளுங்கள் என்றார். பதிலடி கொடுக்கக் கிளம்பிய பக்தர்களை, அது அவர்கள் தொழில், நாம் நம் வழியை விட வேண்டாம் என்று நிறுத்தினார். தேடிப் பார்த்ததில் கிடைத்தவை சாமி சிலைகளுக்குச் சாத்தும் மெல்லிய வெள்ளித் தகடுகள், கொஞ்சம் அரிசி, சில மாம்பழங்கள். எல்லாம் சேர்ந்து 10 ரூபாய் தேறும். திருடர்கள் ஆசிரமத்தைத் தோற்றத்தை வைத்து எடைபோட்டதற்குக் கிடைத்த கூலி அவ்வளவுதான்.

அடுத்த எடைபோடல் கோர்ட் வழியாக வந்தது. நிர்வாகத்தில் இருந்து விலகிய பழைய பக்தர் ஒருவர் 1930-களில் ஆசிரம உரிமை கேட்டு வழக்குப் போட்டார். வாதம் இதுதான்: எல்லாவற்றையும் துறந்த சந்நியாசிக்குச் சொத்து ஏது? கோவணத்தைப் பார்க்கிற யாருக்கும் நியாயமாகத்தான் தோன்றும். 1936-ல் ஆசிரமத்துக்கே வந்து ரமணரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். பிரம்மசாரி, இல்லறத்தார், வானப்பிரஸ்தர், சந்நியாசி ஆகிய நான்கில் நீங்கள் யார் என்று வக்கீல் கேட்டார். நான்கையும் கடந்த அதியாசிரமி என்று பதில் வந்தது. அப்படி ஒரு நிலை உண்டா என்ற கேள்விக்குச் சாஸ்திரத்தில் இருந்தே ஆதாரம் காட்டினார். அவர்களுக்குச் சொத்து இருக்கக்கூடாது என்று தடை ஏதும் இல்லை என்றும் சொன்னார். வழக்குப் போட்டவர் ஜெயிக்கவில்லை.

அன்றைக்குச் சிருங்கேரி சாஸ்திரி சொன்னபடி காவி கட்டியிருந்தால் இந்த வழக்கின் போக்கே மாறியிருக்கலாம். 1938-ல் அவர் உயில் எழுதி ஆசிரமப் பொறுப்பைத் தம்பி வழியில் வைத்தார். உயில் எழுதும் கோவணச் சாமியைப் புரிந்துகொள்ள இயலாமல் அன்றும் சிலர் முகம் சுளித்தார்கள்.

சட்டையில்லாத படம்

அதே 1938-ல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்து போனார். அவருடைய தி ரேசர்ஸ் எட்ஜ் நாவலில் (1944) வரும் இந்திய குருவுக்கு ரமணரே மாதிரி. அதற்கு முன்பே, 1934-ல் வெளியான பால் பிரண்டனின் புத்தகம் ரமணரை மேற்கே கொண்டுபோயிருந்தது. பேன்ட் சட்டையோடு வந்தவர்கள், பட்டு உடுத்தி வந்தவர்கள், கந்தலோடு வந்தவர்கள் எல்லோரும் அவர் சோபாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். ஆமாம், சோபா. பக்தர் கொடுத்தது. பல படங்களில் அதன்மேல் புலித்தோலும் இருக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு ராஜ தோரணை என்று தோன்றலாம். ஆனால் அதே ஆள் விடியற்காலையில் சமையலறையில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்திருப்பார்.

இன்று திருவண்ணாமலை டீக்கடையிலும் பெங்களூரு ஐடி ஊழியரின் லேப்டாப்பிலும் இருப்பது வெல்லிங் எடுத்த ஒரு படம். வெள்ளைத் தாடி, கண்கள், வெறும் தோள்கள். மார்புக்கு மேல் மட்டும் எடுத்ததால், உடை என்று படத்தில் எதுவுமே இல்லை.

உடைக்கும் மனதுக்கும் தொடர்பு உண்டா என்று உளவியலும் தேடிப் பார்த்திருக்கிறது. வெள்ளைக் கோட் மாட்டினால் கவனம் கூடுகிறது என்று 2012-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் சொன்னது உலகம் முழுக்கச் செய்தியானது. 2019-ல் வேறு ஒரு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஒருமுறை நடந்து வந்தால் காவியில் எத்தனை ரகம் இருக்கிறது என்று தெரிந்துவிடும், அதற்கு ஆய்வகம் வேண்டாம்.

1948 கடைசியில் ரமணரின் இடது முழங்கை அருகே கட்டி ஒன்று தெரிந்தது. புற்றுநோய். 1949-ல் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. கோவணமும் கையில் கட்டும்தான் அவர் கடைசி ஆண்டின் கோலம். அதோடே தினமும் தரிசனம் கொடுத்தார். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு உயிர் பிரிந்தது. ஊரில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெசோன் அந்த நேரத்தில் வானில் ஒரு எரிநட்சத்திரம் மலைப்பக்கம் போனதைப் பார்த்ததாகப் பதிவு செய்திருக்கிறார்.

இல்லறத்து பிராமணர் என்றால் தகனம், சந்நியாசி என்றால் மண்ணில் சமாதி. இது மரபு. ரமணர் திருமணமும் செய்யவில்லை, காவியும் வாங்கவில்லை. மறுநாள் மாலை, அம்மாவின் சன்னதிக்கும் அவர் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்த பழைய கூடத்துக்கும் நடுவே குழி தோண்டி, உட்கார்ந்த நிலையிலேயே அவரை இறக்கினார்கள்.